ரௌனியின் மூவாயிரம் லிட்டர்

வடகோடிப் பனிப்பிரதேசத்தில் இருக்கும் எங்கள் ஹொங்கவாரா கிராமத்தில் யாராவது வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டுவதில்லை. துடைப்பத்தை எடுத்துக் கதவில் சாய்த்து வைத்துவிட்டுப் போவார்கள். துடைப்பம் சாய்ந்திருந்தால் வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ரௌனி வீட்டுத் துடைப்பமும் பகலில் சாயும். அவள் பள்ளிக்கூடச் சமையலை முடித்துத் திரும்பியதும் மூலைக்குப் போய்விடும். ஆனால் நவம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை அது ஓர் இரவுகூடக் கதவில் நின்று நான் பார்த்ததில்லை. அவள் கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம் இதே கதைதான் நடந்தது.

காரணம் அவள் வீட்டு நிலவறையில் உட்கார்ந்திருந்த கொதிகலன். அதில் விறகு எரிந்தால் தண்ணீர் சூடாகும், அந்தத் தண்ணீர் குழாய் வழியே மேலேறி ஒவ்வொரு அறையையும் சூடாக்கும். தீ அணைந்தால் அரை நாளில் வீடு விறைக்கும், அதற்கு மேல் விட்டால் குழாய்கள் வெடிக்கும். அதிலும் பெரிய தீயாகப் போட முடியாது, போட்டால் தண்ணீர் கொதித்துவிடும். அடக்கி அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரௌனி காலையில் போடுவாள், குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து போடுவாள், படுக்கும் முன் போடுவாள், நடுவில் எழுந்தும் போடுவாள். அவளுக்கென்று சொந்தக் காடு இருந்தது, பிர்ச் மர விறகுக்குப் பஞ்சமே இல்லை. தூக்கத்துக்குத்தான் பஞ்சம்.

நான் மைலா, ஏரிக் குடாவின் இக்கரை வீட்டுக்காரி; ரௌனி வீடு அக்கரையில். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். இந்த ஊரில் அது ஒரு ஊனம் மாதிரி. இங்கே ஆட்கள் வாயைத் திறப்பதே காப்பி குடிக்கத்தான். அதனால்தான் ரௌனியின் கதையைச் சொல்கிற வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது.

ரௌனியைப் பார்த்தால் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கட்டையான உடம்பு, கறுப்பு முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருப்பாள், கையில் எந்நேரமும் ஒரு கரண்டி இருப்பதுபோலவே நடப்பாள். ஆனால் கோடையில் ஏரிக்கரை நடனக் கூடத்தில் டாங்கோ வாசிக்கத் தொடங்கியதும் பார்க்க வேண்டும். அந்தக் கட்டை உடம்புக்கு எங்கிருந்துதான் அப்படியொரு நளினம் வருமோ! நாலு வருஷத்துக்கு முன்னால், பெண்கள் ஆண்களை ஆட அழைக்கிற நேரத்தில், அவள் நேராகக் கூடத்தைக் கடந்து போய் ரெய்னோவின் முன்னால் நின்றாள். ரெய்னோ பக்கத்து ஸொட்காமோ ஊர்க்காரர், பால் லாரி ஓட்டுகிறவர், மனைவியைப் பறிகொடுத்தவர். அன்றிலிருந்து கோடை முழுவதும் சனிக்கிழமை என்றால் இருவரும் ஜோடி.

செப்டம்பரில் கூடம் மூடிவிடும். குளிர்காலத்தில் ஆட வேண்டுமென்றால் ஔலு நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே ஜனவரியில் ஒரு பெரிய டாங்கோ விழா, இரண்டு இரவுகள். ஒவ்வொரு வருஷமும் ரெய்னோ கேட்பார்: "வந்தா நல்லா இருக்கும்." அவர் வாயிலிருந்து வருகிற மிக நீளமான பேச்சே அதுதான். ஒவ்வொரு வருஷமும் ரௌனி, "கொதிகலன் இருக்கே" என்பாள். போன தடவை அவர் போகும்போது இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கிறார்: "எனக்கும் வயசாகுது." அந்த இரண்டு வார்த்தை ரௌனிக்கு எப்படி உறைத்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஏலக்காய் பன்னோடு வந்தாள். என் வீட்டுக்காரர் என்ஸியோ மேசையோரம் உட்கார்ந்திருந்தார்.

"வெப்பத் தொட்டி வாங்கப் போறேன்," என்றாள்.

"எதுக்கு?" என்றார் என்ஸியோ.

"ராத்திரி தூங்கணும்."

ரெய்னோ பேரை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என்ஸியோவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொதிகலனில் ஒரே மூச்சில் பெரிய தீயாகப் போட்டு, அந்தச் சூட்டையெல்லாம் ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் சேமித்துவைத்து, வேண்டும்போது வீடு எடுத்துக்கொள்வது. அதற்குத்தான் இந்தத் தொட்டி. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அவர் சோற்றைக்கூட மறந்துவிடுவார்.

"ஐந்நூறு லிட்டர்," என்றார். "நம்ம வீட்டுல ஐந்நூறுதான். ரெண்டு பேருக்கு ராஜா மாதிரி ஓடுது. நீ ஒத்தை ஆள். உனக்கு முந்நூறே ஜாஸ்தி."

"யோவ்," என்றேன், "விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் கீழ போய் விறகு போடுறது யாரு? உன் ராஜாவா?"

"அது எனக்குத் தூக்கம் வராம."

"தூக்கம் வராததுக்கு மோட்டுவளையைப் பாக்கலாம், புஸ்தகம் படிக்கலாம். கொதிகலனைத்தான் கொஞ்சணுமா?"

ரௌனி சிரித்தாள். ஆனால் அவர் சொன்ன ஐந்நூறை அவள் வாங்கிக்கொள்ளவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அடுத்த வாரம் குழாய் வேலைக்காரர் தர்மோ வந்தார். குஹ்மோவிலிருந்து இந்தப் பக்கம் முழுக்க அவர்தான். காதில் ஒரு பென்சில், வாயில் ஒரு பென்சில். அளவு சொல்கிறேன் என்று என்ஸியோவும் ஒட்டிக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். நிலவறையில் நாலு பேரும் இடித்துக்கொண்டு நின்றோம்.

"எத்தனை லிட்டர் வாங்கட்டும்?" என்று கேட்டாள் ரௌனி.

"லிட்டரை அப்புறம் பாப்போம். தீயே இல்லாம எவ்வளவு நேரம் ஓடணும், அதைச் சொல்லு."

ரௌனி கொதிகலனை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, "ரெண்டு ராத்திரி," என்றாள்.

தர்மோ வாயிலிருந்த பென்சிலை எடுத்தார். "ரெண்டு ராத்திரியா? அப்படி எங்க போற?"

"டாங்கோ ஆட."

ஐம்பத்தாறு வயதுக்காரி அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. கொதிகலன் வாயிலிருந்து வந்த வெளிச்சம் என்று அவள் பின்னால் சாதித்தாள். அன்று கொதிகலனில் தீயே இல்லை.

தர்மோ கொதிகலனின் வாயைத் திறந்து உள்ளே எவ்வளவு விறகு கொள்ளும் என்று கையை விட்டுப் பார்த்தார். "இந்த வயித்துக்கு ஐந்நூறு லிட்டர் ஆகவே ஆகாது. ஒரு தடவை நிறைய அடுக்கிக் கொளுத்தினா வர்ற சூட்டை வாங்கிக்க அதுக்குத் தெம்பு பத்தாது, கொதிச்சுப் பொங்கிடும். நீ மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போட்டுக்கிட்டு நிக்கணும். ஆயிரத்து ஐந்நூறுன்னா ஒரு நாள் ஓடும்."

"அப்ப மூவாயிரம்," என்றாள் ரௌனி.

"மூவாயிரமா!" என்று அலறினார் என்ஸியோ. "ஏம்மா, நீ குளிக்கப் போறியா, கப்பல் விடப் போறியா?"

"வியாழக்கிழமை பட்டாணி சூப் வைக்கிறேன்ல," என்றாள் அவள். "பெரிய அண்டாவுல இருக்கிறது சாயங்காலம் கழுவப் போறப்பவும் கையைச் சுடுது. எனக்குன்னு கிண்ணத்துல எடுத்து வெச்சது நான் உக்காரதுக்குள்ள ஜில்லுன்னு ஆயிடுது. எனக்கு அண்டாதான் வேணும்."

அண்டாக் கணக்கு என்ஸியோவுக்கும் உறைத்தது. ஆனாலும் விடுவாரா மனுஷன். அளவு நாடாவை எடுத்துத் தரைக்கும் கூரைக்கும் இடையில் பிடித்தார். தர்மோவின் விலைப்புத்தகத்தில் குட்டையும் பருமனுமாக ஒரு மூவாயிரம் லிட்டர் தொட்டி இருந்தது. "சரி, ஆசைப்படுறா, இதையே வாங்கட்டும். கரெக்டா நிக்கும். ரெண்டு விரற்கடை மிச்சமே இருக்கு."

"நின்னா நிக்கும்," என்றார் தர்மோ. "ஆனா அது படுத்துக்கிட்டுல்ல உள்ள வரும். எப்படி நிமித்துவ? நிமிரும்போது அடிமூலை தரையில இருக்கும், மேல்மூலை கூரையைப் பேத்துக்கிட்டுப் போகும். அப்புறம் ஆயுசுக்கும் அது படுத்தேதான் கிடக்கணும், உன்னை மாதிரி."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் ஆயிரத்து ஐந்நூறு லிட்டரில் இரண்டு தொட்டிகள் என்று முடிவானது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றாக வேலை செய்யும். சூடு வெளியே போகாமல் இருக்க, தொட்டிகளைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு மேலங்கி போடலாம் என்றார் தர்மோ. ரௌனி அதைவிடக் கனமானதைக் கேட்டாள். குழாய்த் தண்ணீர் ஒரு செம்புச் சுருளுக்குள் ஓடித் தொட்டியின் சூட்டை வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போகும். அந்தச் சுருளையும் பெரிதாகவே கேட்டாள். அவசரத்துக்கு மின்சாரச் சூடேற்றி ஒன்றும் சொருகிவிடட்டுமா என்று தர்மோ கேட்டார்.

"சொருகு. ஆனா அதை நம்பி நான் வாசப்படி தாண்ட மாட்டேன். பனி கனத்தா மரம் சாயுது, மரம் சாஞ்சா கம்பி அறுந்துடுது. ஒவ்வொரு வருஷமும் நடக்கிறதுதானே."

அக்டோபரில் தொட்டிகள் வந்தன. விறகு இறக்கும் துவாரத்தை உடைத்துப் பெரிதாக்கி, ஊரே கூடி உருட்டி உள்ளே இறக்கினோம். அப்படிக் கூடி வேலை செய்வதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தனியாக ஒருத்தரிடம் போய் 'உதவி வேணுமா' என்று கேட்பதுதான் எங்களுக்கு வராது. கேட்டால், உன்னால் முடியவில்லை என்று குத்திக்காட்டியதாக ஆகிவிடுமாம். இந்த ஊர் மரியாதையை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஊரில் பேச்சு கிளம்பியது. ரௌனி நிலவறையில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறாள் என்றான் பனி அள்ளும் வண்டி ஓட்டும் கௌகோ. ஓய்வுபெற்ற தபால்காரி லஹ்யா, "மேல்மாடியில வாடகைக்கு ஆள் வைக்கப் போறாளோ?" என்று என்னிடம் கேட்டாள். முதல் தீயை மூட்டிய மறுநாள் காலையில், ரௌனி செருப்பைக்கூட மாற்றாமல் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"மைலா! கொதிகலன் ஜில்லுன்னு இருக்குடீ!"

"ஐயையோ, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை! அதான் சொல்றேன்! கொதிகலன் ஜில்லுன்னு இருக்கு, வீடு கதகதன்னு இருக்கு. குழாயைத் திறந்தா ஆவி பறக்குது. ராத்திரி பூரா தூங்கினேன்டீ. ஒரே தூக்கம்!"

என் சமையலறை நடுவில் நின்று என்னை இழுத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கு டாங்கோ வராது. அன்று வந்தது.

ஜனவரி வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெய்னோ தன் காரில் வந்து இறங்கினார். ரௌனி விடிகாலையிலேயே கொதிகலனை நிறைய நிறைய அடுக்கி எரித்து இரண்டு தொட்டிகளையும் மேலிருந்து அடிவரை சூடாக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு தொட்டியிலும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று வெப்பமானிகள். அவற்றைப் பார்த்துவிட்டு மேலே வந்தாள், மறுபடியும் இறங்கிப் போய்ப் பார்த்தாள். வீட்டுச் சூட்டைக் குறைத்துவைத்தாள், ஆள் இல்லாத வீட்டுக்குக் குழாய் உறையாத அளவு போதுமே என்று. பிறகு நீலப் பாவாடையும் நடனச் செருப்பும் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, துடைப்பத்தைக் கதவில் சாய்த்தாள்.

"குழாய் வெடிச்சா என் வீடே போச்சு, மைலா," என்றாள் மெதுவாக.

"வெடிச்சா நான் ஒட்ட வெக்கிறேன். போடீ!"

ரெய்னோ கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன, குளிரா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே பனி கொட்டத் தொடங்கியது. என்ஸியோ ஜன்னலோரம் நின்று குடாவுக்கு அக்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னய்யா பாக்குற?"

"ஒண்ணுமில்ல. வலை பாத்துட்டு வரேன்."

பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலையை இருட்டுகிற நேரத்தில் யாராவது போய்ப் பார்ப்பார்களா? போனார், மீனில்லாமல் வந்தார். சனிக்கிழமை காலையில் மறுபடியும் வலை. மறுபடியும் மீனில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் கண் விழிப்பதற்குள் மூன்றாவது தடவை போய்விட்டார். எழுந்து குழாயைத் திறந்தேன். முனகியது, இரண்டு சொட்டுத் துப்பியது, நின்றுவிட்டது. வீடு ஐஸாக இருந்தது. அவருடைய ராஜா தொட்டி சில்லிட்டுக் கிடந்தது, தீ எப்போதோ அணைந்திருந்தது. சமையலறைக் குழாய் உறைந்துவிட்டது.

வெறுங்கையோடு உள்ளே வந்தவரை வாசலிலேயே பிடித்தேன். "உன் வலையைத் தூக்கிக் குப்பையில போட! வீட்டுல தீ இருக்கா அணைஞ்சிருக்கான்னு பாக்கத் துப்பில்ல, ஏரிக்குப் போய் என்னத்தைக் கிழிச்ச? மீன் எங்க? மீனுக்குப் பதிலா சட்டையெல்லாம் ஏன் பிர்ச் புகை நாறுது?"

அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் குழாயடிக்குப் போனார். நானும் விடவில்லை. மத்தியானம்வரை உறைந்த குழாயில் அவர் சூடான துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார், நான் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ரௌனி.

"மைலா, நாங்க வந்துட்டோம். வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க."

"திருடனா?"

"திருடன் வீட்டைச் சூடாக்கிட்டா போவான்? நிக்க முடியலடீ, உள்ள. மேசை மேல வெச்ச சாக்லேட் கூழாயிடுச்சு. ரெய்னோ சட்டையைக் கழட்டிட்டு ஜன்னலைத் திறந்துக்கிட்டிருக்கார். ஆறு வெப்பமானியும் சிவப்புல நிக்குது!"

நான் என்ஸியோவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குழாயைப் பார்த்தார்.

போனோம். வெளியே மூக்கு உதிர்கிற குளிர். ரௌனி வீட்டு ஜன்னல்கள் அத்தனையும் பரக்கத் திறந்து கிடந்தன, ஆவி குபுகுபுவென்று வெளியே வந்தது. பனி அள்ளும் வண்டியோடு அந்த வழியே வந்த கௌகோ முற்றத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"என்னக்கா இது, ஏரியையும் சேத்துச் சூடாக்குறியா?" என்றான். பிறகு எங்களைப் பார்த்ததும் அவன் சிரிப்புக் குறைந்தது. அந்த நேரம் பார்த்துப் பனிச்சறுக்கில் லஹ்யாவும் வந்து சேர்ந்தாள், கையில் தீப்பெட்டியோடு. நான்கு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள் ரௌனி. ரெய்னோ உள்சட்டையோடு மூலையில் நின்றார்.

"யாரு போட்டது?" என்று கேட்டாள்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எங்கள் ஊர்த் தரை மாதிரி பார்த்துப் பார்த்தே தேய்ந்த தரை உலகத்தில் இருக்காது. கடைசியில் என்ஸியோ செருமினார்.

"வெள்ளிக்கிழமை அக்கரையிலேருந்து பாத்தேன். உன் புகைபோக்கியில புகை இல்ல. ஜனவரியில புகை இல்லைன்னா... வந்து தொட்டுப் பாத்தேன், கொதிகலன் ஜில்லுன்னு இருந்துச்சு. கொஞ்சம் போட்டேன்."

"கொஞ்சமா?"

"நிறைய. அப்புறம் சனிக்கிழமை காலைல வந்தேன், மறுபடியும் ஜில்லுன்னு இருந்துச்சு. போட்டேன். இன்னிக்கும்."

கௌகோ காதைச் சொறிந்தான். "நான் முற்றத்துல பனி அள்ள வந்தேன். புகை இல்ல. தொட்டேன், ஜில்லுன்னு இருந்துச்சு. நானும் ரெண்டு தடவை போட்டேன்."

"நான் ஒரு தடவைதான் போட்டேன்," என்றாள் லஹ்யா அவசரமாக. "சூடு திருகுறதை மட்டும் கொஞ்சம் முழுசாத் திருகி வெச்சேன். ஆடிக் களைச்சு வர்ற பொண்ணு, வீடு குளிரா இருந்தா எப்படி இருக்கும்?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாழ்நாள் முழுக்கக் கொதிகலனைத் தொட்டுப் பார்த்துத்தான் வீடு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டவர்கள் இவர்கள். பக்கத்திலேயே யானைக்குட்டி மாதிரி நிற்கிற இரண்டு தொட்டிகளில் ஆறு வெப்பமானிகள் கத்திக்கொண்டிருக்கின்றன, ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் வந்து போன தடத்தைப் பனி மூடிவிட்டது. துடைப்பத்தை எடுத்த இடத்திலேயே ஒழுங்காகச் சாய்த்துவிட்டுத்தான் ஒவ்வொருவரும் போயிருக்கிறார்கள். ஒருவர்கூட இன்னொருவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூலையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ரெய்னோ சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"ஐந்நூறு லிட்டர் வாங்கியிருந்தா," என்றார், "வெள்ளிக்கிழமை ராத்திரியே பொங்கி நிலவறை ரொம்பியிருக்கும். என்ஸியோ வலையை அங்கயே போட்டிருக்கலாம்."

முதலில் கௌகோ வெடித்தான், அடுத்து நான். என்ஸியோகூட மீசைக்குள் சிரித்தார். அதோடு சேர்த்து எங்கள் வீட்டுக் குழாய் உறைந்த கதையையும் நான் அவிழ்த்துவிட்டேன். அடுத்தவள் வீட்டுக்குத் தீ மூட்டிவிட்டுத் தன் வீட்டைக் குளிரில் போட்ட மகராசன் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்!

இவ்வளவு சூட்டை என்ன செய்வது? ரௌனி சௌனா என்கிற நீராவிக் குளியலறையை மூட்டினாள், எல்லோருக்கும் துண்டு எடுத்து வந்தாள். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். வெந்நீர் வந்துகொண்டே இருந்தது. கௌகோ வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி மனைவி பிள்ளைகளையும் வரவழைத்தான். அவர்களும் குளித்து முடித்தார்கள், அப்போதும் குழாயில் ஆவி பறந்தது. ரௌனி ஈரத் தலையோடு நடனத்தைப் பற்றிச் சொன்னாள்: அவ்வளவு பெரிய கூடமாம், தரை கண்ணாடி மாதிரியாம், முதல் இரவு முழுக்க வீட்டையே நினைத்துக்கொண்டு ரெய்னோவின் காலை மிதித்தாளாம், இரண்டாவது இரவு வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

காப்பி வந்தது. எல்லோரும் சிவந்த முகத்தோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்போதுதான் ரௌனி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பன்னிரண்டு வருஷம். குளிர்காலத்துல ஒரு ராத்திரி வெளிய தங்கினதில்ல நான்."

லஹ்யா பன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க எல்லாம் இப்படி வந்து போடுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"கேட்டிருந்தா போட்டிருப்போமே," என்றார் என்ஸியோ.

"எப்படிக் கேக்கிறது? நீங்க ஒருத்தராவது போடட்டுமான்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ தப்பா எடுத்துக்குவியோன்னு," என்றான் கௌகோ.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோர் மேலும்தான், இவ்வளவு பெரிய வாய் வைத்திருந்த என்மேலும் சேர்த்து. அரைக் கிலோமீட்டர் தூரம். நாலு கட்டை விறகு. ஒரு வார்த்தை பேசாததால் ஒரு பெண் நாலு குளிர்காலம் தன் ஜோடியை வேறு பெண்களோடு ஆட அனுப்பிவிட்டு நிலவறையில் தீயை ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள். எதையாவது சொல்லித் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ரௌனி முந்திக்கொண்டாள்.

"மார்ச்சுல ரெய்னோ ஒரு வாரம் ஸெய்னாயோக்கி ஊருக்குப் போலாங்கிறார்," என்றாள். "மூவாயிரம் லிட்டர் ஒரு வாரம் தாங்காது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தீ போடணும். எனக்காக யாராவது வந்து போடுவீங்களா?"

எங்கள் ஊரில் ஒருத்தி வாயைத் திறந்து உதவி கேட்டுவிட்டாள். கௌகோவின் பிள்ளைகள்கூட பன்னைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நான் தினமும் இந்தப் பக்கம் வண்டியில வரேனே அக்கா!"

"பக்கத்து வீட்டுக்காரன் நானிருக்க நீ எதுக்குடா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க, நான் நாப்பது வருஷம் இந்த வீட்டுக்குத் தபால் போட்டவ!"

ஹொங்கவாராவில் மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசியதை அன்றுதான் கேட்டேன். ரௌனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூன்று பேரையும் நிலவறைக்கு இழுத்துப் போய், கொதிகலனைத் தொடுவதற்கு முன்னால் எந்த வெப்பமானியைப் பார்க்க வேண்டும் என்று காட்டினாள். அடியில் இருக்கிறதைப் பார்க்க வேண்டும். அது ஆறியிருந்தால் மட்டும்தான் விறகு. என்ஸியோவைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சொன்னார்.

மார்ச் மாதம் அந்த வாரம் வந்தது. குடாவின் அக்கரையில் ரௌனியின் வீட்டுக் கதவில் துடைப்பம் சாய்ந்திருப்பது என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் என்ஸியோ முதலில் எங்கள் வீட்டுக் கொதிகலனில் விறகு போட்டார், பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வலை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரௌனி வீட்டுக்குப் போறேன்," என்றார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. "தீ போட."